‘அப்படி யாரும் வரவில்லை’ என்றும் சொல்லக் கூடாது

கோவைப் பக்கம் ஒரு சிறிய மனநல, போதை மீட்பு மையத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். சிகிச்சைக்கு வருபவர்களின் தகவல்களைப் பாதுகாக்க ஓர் ஒழுங்கைக் கொண்டுவரும்படி தலைமை மருத்துவர் என்னைப் பணித்தபோது, அவர் மனதில் இருந்தது பின்லாந்து. அங்கே வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவன், 2020இல் நிறுவனத்தை மட்டுமல்லாமல் நோயாளிகளையும் நேரடியாக மின்னஞ்சலில் மிரட்டிப் பணம் கேட்டான். மருத்துவரிடம் சொன்னவையெல்லாம் வெளியே வந்தன. நமக்கும் அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் மருத்துவரின் கவலை.

கணினி வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. ஆளுக்கொரு கடவுச்சொல், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கு நீக்கம், பூட்டிய காப்பு நகல். மருந்துச்சீட்டைப் படமெடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை நிறுத்தத்தான் கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 24ஆம் பிரிவில், மின்னணு வடிவில் இருக்கும் தகவலுக்கும் இதே ரகசியக் காப்பு உண்டு என்று சொல்கிறது. அதை அச்சடித்து ஒட்டியதும் முணுமுணுப்பு அடங்கியது.

எங்களிடம் தகவல் கசிந்த இடம் கணினி அல்ல, வரவேற்பு மேசை.

மேசையில் ஒரு நீளப் பதிவேடு இருக்கும். வருபவர் தன் பெயர், கைப்பேசி எண், வந்த காரணம் மூன்றையும் தானே எழுத வேண்டும். ஏழாவதாக எழுதுபவர் பேனாவை எடுக்கும்போதே மேலே உள்ள ஆறையும் படித்துவிடுவார். ‘தூக்கமில்லை’, ‘குடி’, ‘மகள் சாப்பிடுவதில்லை’ என்று எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்று தெரிய வேண்டுமே என்று வைத்தது. பதிவேட்டை எடுத்துவிட்டுத் தனிச்சீட்டும் டோக்கன் எண்ணும் கொண்டுவந்தோம். முதல் நாளே ஒரு பெரியவர், “நான் என்ன ரேஷன் கடையிலா நிற்கிறேன், எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?” என்று கோபித்துக்கொண்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். இப்போது செவிலியர் இருக்கை வரை போய், தணிந்த குரலில் அழைத்துவருகிறார்.

அதைவிடக் கடினம் தொலைபேசி. எங்கள் பக்கம் ஒரு வரன் அமைந்தால் அக்கம்பக்கத்திலும் வேலை செய்யும் இடத்திலும் விசாரிப்பார்கள். கொஞ்சம் கெட்டிக்காரர்கள் எங்களையும் விசாரிப்பார்கள். “நான் பையனுக்குப் பெரியப்பா அம்மணி. இரவு மாத்திரை ஒன்றா இரண்டா என்று கேட்டுச் சொல்லு” என்று உரிமையோடு ஒரு குரல் வரும். ஒன்று என்றாலும் இரண்டு என்றாலும் அவருக்கு வேண்டிய செய்தி கிடைத்துவிடும்.

வரவேற்பில் இருக்கும் பெண் கெட்டிக்காரி. எங்களிடம் வருபவர்களைப் பற்றிக் கேட்டால் எதுவும் சொல்ல மாட்டாள். ஆனால் வராத ஒருவரைப் பற்றிக் கேட்டால், பாவம் அந்தப் பையனுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று, “அப்படி யாரும் இங்கே வரவில்லை” என்று சொல்லிவிடுவாள். அதில் என்ன தவறு என்று என்னிடமே கேட்டாள். வராதவருக்கு ‘இல்லை’ என்று சொல்லும் இடத்தில், ‘சொல்ல மாட்டோம்’ என்பதற்கு ‘ஆமாம்’ என்றுதானே பொருள்? இதை அவளுக்குப் புரியவைத்தபோது சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு யார் கேட்டாலும் ஒரே வாக்கியம் என்று முடிவு செய்தோம்: “இங்கே யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை.” பழக்கத்துக்கு வர மாதக்கணக்கில் ஆனது. திட்டு வாங்கினாள். அழைத்தவர்களில் சிலர் உண்மையாகவே பெரியப்பாக்கள்.

அதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 18 வயது நிரம்பியவர், தன் சிகிச்சை விவரத்தை அறிந்து தன் சார்பில் உதவும் நியமனப் பிரதிநிதி யார் என்பதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலே போதும். 14ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இப்போது முதல் வருகையிலேயே கேட்டு வாங்குகிறோம். பலர் அப்பா பெயரை எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். நண்பர், அக்கா, ஒருமுறை கடை முதலாளி. வீட்டில் யாருக்குத் தெரியக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்கிறோம். வருகையை நினைவூட்டும் குறுஞ்செய்தியில் இப்போது ‘மனநலம்’ என்ற சொல் கிடையாது; வீட்டுக்கே ஒரே கைப்பேசி இருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு.

காப்பீட்டுக் காரர்களுடன் நடந்தது வேறு வகைப் போராட்டம். உடல்நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. நல்ல சட்டம். ஆனால் பணம் தரும் முன் கோப்பு முழுவதையும் கேட்டார்கள், ஆலோசகரின் குறிப்புகள் உட்பட. அதில் மனைவி தனியாகச் சொன்னது இருக்கும், மாமியாரைப் பற்றி இருக்கும். தகவலை யாருக்குத் தரலாம் என்று 23ஆம் பிரிவு தரும் விலக்குகளின் பட்டியலில் காப்பீட்டு நிறுவனம் இல்லை. எனவே சிகிச்சை பெற்றவரின் எழுத்துமூல ஒப்புதலோடு, சிகிச்சைச் சுருக்கம் மட்டும் அனுப்பினோம். திருப்பி அனுப்பினார்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினோம், மறுபடி கேட்டார்கள், மறுபடி எழுதினோம். கடைசியில் சுருக்கத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு கோப்பையே இரண்டாகப் பிரித்துவிட்டோம். நோய் கணிப்பு, மருந்து, பரிசோதனை முடிவுகள் ஒன்றில். ஆலோசனைக் குறிப்புகள் தனி அலமாரியில், சாவி ஆலோசகரிடம். 25ஆம் பிரிவின்படி தன் மருத்துவப் பதிவைக் கேட்டு ஒருவர் விண்ணப்பித்தாலும் முதல் கோப்பை உடனே நகலெடுத்துக் கொடுக்க முடிகிறது.

தீராமல் கிடப்பது பின்னறையில் உள்ள பழைய கோப்புகள். உள்நோயாளிகளின் பதிவை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது மருத்துவர்களுக்கான பழைய நெறிமுறை. இல்லாத காகிதம் கசியாது, மீதியை அழித்துவிடலாம் என்பது என் கட்சி. பத்து ஆண்டு கழித்து மீண்டும் நோய் தலைகாட்டி வருபவருக்கு அப்போது எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவர் கட்சி. இப்போதைக்கு அறைக்குப் பூட்டு மாற்றியிருக்கிறோம். மருந்து விவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கிழிப்பதா என்று அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறோம்.