சோபாவில் நகர்ந்து அமர்ந்த விருந்தினர்

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு, பெங்களூரின் விடிகாலை மூன்று மணி என்பது நியூயார்க்கின் மாலை ஐந்தரை மணி. அங்கே லேட் நைட் ஷோ எனப்படும் இரவு நேர உரையாடல் நிகழ்ச்சிகளை அநேகமாக அந்த மாலை வேளையில்தான் பதிவு செய்கிறார்கள். ஒளிபரப்பாவது இரவு 11:35 மணிக்கு. நான் கேன்டீனில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அரங்கில் எழும் சிரிப்பு, அமெரிக்க வீடுகளுக்குப் போய்ச் சேரும் நேரத்தில், நான் அலுவலக வண்டியிலிருந்து அல்சூரில் இறங்கி, குளித்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பேன். பிற்பகலில் கண் விழித்தால் அந்த ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏழெட்டுத் துண்டுகளாக யூடியூபில் வந்திருக்கும். பல ஆண்டுகளாக இந்த நிகழ்ச்சிகளை நான் துண்டுகளாகவே அறிந்திருக்கிறேன் என்பது, ஸ்டீபன் கோல்பேர் நடத்திவந்த 'லேட் ஷோ'வை 2026 மே மாதத்தோடு நிறுத்திவிடப் போவதாக 2025 ஜூலையில் சிபிஎஸ் தொலைக்காட்சி அறிவித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் இந்த வகை நிகழ்ச்சியை முதலில் ரசித்தவர் அப்பா. தொண்ணூறுகளின் இறுதியில் அவர் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது தெருவே அடங்கியிருக்கும். அம்மா தட்டில் மோர் சாதமும் மாவடுவும் வைத்துக் கொடுப்பார். அப்பா தொலைக்காட்சியின் ஒலியை எங்கள் தூக்கம் கெடாத அளவுக்குக் குறைத்துவிட்டு, சோனியில் சேகர் சுமன் நடத்திய 'மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ்' பார்ப்பார். அமெரிக்க நிகழ்ச்சிகளின் அச்சில் 1997இல் தொடங்கப்பட்ட அந்த இந்தி நிகழ்ச்சியில் அரசியல் கிண்டலோடு கூடிய தொடக்கப் பேச்சும், மேடையிலேயே ஓர் இசைக்குழுவும், பிறகு விருந்தினர்களும் உண்டு. அப்பாவுக்குத் தெரிந்த இந்தி, தொழிற்சாலையில் காதால் கேட்டுக் கற்ற இந்தி. வாஜ்பாய் போல இழுத்து இழுத்துப் பேசிக் காட்டும்போது வாய்விட்டுச் சிரிப்பார். மற்ற நேரத்தில் பாதி புரிந்தும் பாதி புரியாமலும், தட்டில் கை காய்ந்து போகும்வரை உட்கார்ந்திருப்பார். அன்றைய செய்தியை இன்னொருவரும் கேட்டிருக்கிறார், அதைப் பற்றி அவருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது, அது முடிந்ததும் நாம் படுக்கலாம் என்ற ஆறுதலுக்காகத்தான் அவர் அமர்ந்திருந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆறுதலை ஒரு கலையாகவே ஆக்கியவர் ஜானி கார்சன். 1954இல் ஸ்டீவ் ஆலன் தொடங்கிவைத்த 'டுநைட் ஷோ'வை 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் அவர் நடத்தினார். 1980 வரை அது குறைந்தது ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. பழைய பதிவுகளைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் சோபாவின் மீதுதான். ஒரு விருந்தினர் பேசி முடித்ததும் எழுந்து போய்விடுவதில்லை. அடுத்தவர் உள்ளே வரும்போது எழுந்து கைகுலுக்கிவிட்டு, சோபாவில் ஓர் இடம் தள்ளி அமர்ந்துகொள்கிறார். அங்கே இருந்தபடியே புதியவரின் பேச்சைக் கேட்கிறார், சிரிக்கிறார், சில நேரம் குறுக்கே பேசுகிறார். நடிகைக்குப் பிறகு எழுத்தாளரோ விஞ்ஞானியோ வந்து அமர்வதுண்டு. வானியலாளர் கார்ல் சேகன் அங்கே பலமுறை வந்து விண்மீன்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். முதன்முறையாக மேடையேறும் நகைச்சுவைக் கலைஞரை, அவர் நின்று பேசி முடித்ததும், கார்சன் கையசைத்து சோபாவுக்கு அழைத்துவிட்டால் அவருடைய வாழ்க்கையே மாறிவிடும் என்பார்கள். அந்த இருக்கைக்கு அத்தனை மதிப்பு இருந்தது.

துண்டுக் காணொளிகளுக்கு முதலில் பலியானது இந்தச் சோபாதான். தள்ளி அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவரைத் தனியே வெட்டி எடுத்துப் பதிவேற்ற முடியாது. வெட்டி எடுக்க ஏற்றது தொடக்கப் பேச்சு. அதைவிட ஏற்றது விளையாட்டும் பாட்டும். தொகுப்பாளர் ஜேம்ஸ் கார்டன் காரில் பாடகி அடேலோடு பாடிக்கொண்டே போகும் 2016ஆம் ஆண்டுக் காணொளியை யூடியூபில் 20 கோடிக்கும் அதிகமான முறை பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்து மகிழ்ந்தவள்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதன் பிறகு நேர்காணல்கூட, வெட்டி எடுக்கப்போகும் ஆறு நிமிடங்களைக் குறிவைத்தே நடப்பதாக எனக்குப் படுகிறது. முன்கூட்டியே ஒத்திகை பார்த்த ஒரு சம்பவம், வெளிவரவிருக்கும் படத்தின் ஒரு காட்சி, கைதட்டல் என்று முடிந்துவிடுகிறது. முன்பு இந்தப் போக்குக்கு இணங்காதவர்களும் இருந்தார்கள். கிரெய்க் ஃபெர்குசன் ஒவ்வொரு நேர்காணலின் தொடக்கத்திலும் கேள்வி அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். 2009இல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவோடு அவர் நடத்திய உரையாடல், ஒலிபரப்புத் துறைக்கான பீபடி விருது பெற்றது. நள்ளிரவு தாண்டிய அந்த நேரத்தில் நிறவெறியைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் அவசரமில்லாமல் பேச முடிந்திருக்கிறது.

பணக் கணக்கை மறுப்பதற்கில்லை. கோல்பேர் நிகழ்ச்சியால் ஆண்டுக்கு சுமார் 4 கோடி டாலர் நஷ்டம் என்று செய்திகள் வந்தன. சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாராமவுண்ட், டிரம்ப் தொடுத்த வழக்கில் அவரோடு செய்துகொண்ட 1.6 கோடி டாலர் சமரசத்தை கோல்பேர் கண்டித்துப் பேசிய சில நாட்களிலேயே அறிவிப்பு வந்ததால், காரணம் பணம் மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி என்றே நான் கருதுகிறேன். ஆனால் தேய்மானம் அதற்கு முன்பே தெரிந்தது. 2024இல் ஜிம்மி ஃபாலன் நடத்தும் 'டுநைட் ஷோ' வாரத்துக்கு நான்கு நாளாகச் சுருங்கியது. இன்னொரு தொகுப்பாளரான சேத் மேயர்ஸின் இசைக்குழு அதே ஆண்டில் நீக்கப்பட்டது. அரங்கும் எழுத்தாளர் குழுவும் வாத்தியக்காரர்களும் வைத்து நடத்தும் செலவை இரவு நேர விளம்பரம் தாங்கிய காலம் போய்விட்டது. கோனன் ஓ'பிரையன் 2021இல் தன் இரவு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு பாட்காஸ்டில் நிலைகொண்டார். அங்கே உரையாடல் நீளமாக, நன்றாக இருக்கிறது. எந்த நேரத்திலும் கேட்கலாம் என்பதால், இரவோடு இருந்த ஒட்டுதல் மட்டும் இல்லை.

தமிழில் தினமும் இரவில் வந்து அன்றைய பொழுதை முடித்துவைக்கும் தொகுப்பாளர் நமக்கு வாய்க்கவே இல்லை. 'நீயா நானா'வும் காபிக் கோப்பையோடு நடந்த நேர்காணல்களும் வாராந்திர நிகழ்ச்சிகள். இலங்கை வானொலியின் இரவுப் பாடல்களுக்கு நடுவே வந்த அறிவிப்பாளரின் குரல்தான் அதற்கு நெருங்கியது என்பார் அம்மா.

சென்ற ஞாயிறு எனக்கு விடுமுறை. சாப்பாடு முடிந்ததும் கார்சனின் பழைய நிகழ்ச்சி ஒன்றை முழுமையாகப் போட்டுவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக ஓடாது. ஆனாலும் ரிமோட்டைக் கேட்கவில்லை. முதல் விருந்தினர் பேசி முடித்து எழுந்து, சோபாவின் அடுத்த முனைக்கு நகர்ந்து அமர்ந்தார். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அவர் எதுக்குத் தள்ளி உக்கார்றாரு? இன்னும் யாராச்சும் வர்றாங்களா?"