வேலிக்கு அப்பால் ஒரு புதிய உறுமல்

ஒன்பது ஆண்டுகளாக ஒரே கொட்டிலில் முதுகோடு முதுகு உரசிப் படுத்திருந்த இரண்டு பன்றிகளில் கருப்பன் முந்திக்கொண்டான். புதைப்பதற்கு முன் அவனுடைய உடலைச் செல்லி முகர்ந்து பார்க்கட்டும் என்று சில மணி நேரம் விட்டுவைத்தோம். மூக்கால் இரண்டு முறை நெம்பிப் பார்த்துவிட்டு விலகிப் போனாள். துணையின் உடலைப் பார்த்துவிட்ட பன்றி தேடி அலைவது குறையும் என்று வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. செல்லி அலையவில்லைதான், ஆனால் தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி தன் பக்கத்திலேயே படுக்கத் தொடங்கினாள். கருப்பன் படுத்த பக்கத்து வைக்கோல் நாள்கணக்கில் அமுங்காமல் உப்பிக் கிடந்தது.

துக்கமும் நோயும் பன்றியிடம் வெளியே ஒன்றுபோலவே தெரியும் என்பதால் முதலில் கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். உடலில் குறையொன்றும் இல்லை என்று உறுதியான பிறகே புதிய துணையைப் பற்றி யோசித்தேன். எனக்குக் குட்டி ஒன்றின் மேல்தான் ஆசை. பெரிய பன்றி ஒரே மோதலில் குட்டியை முடக்கிவிடக்கூடும் என்று மருத்துவர் தடுத்ததால், ஏறக்குறைய அவளுடைய எடையே உள்ள, காயடித்து இரண்டு மாதமான முத்து வந்து சேர்ந்தான். (காயடித்த பிறகும் சில வாரங்கள் ஆண் பன்றியால் சினைப்படுத்த முடியும், இதை மறந்தவர்கள் 114 நாள் கழித்துக் குட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.)

நோய் தொற்றாதிருக்க முதல் 30 நாள் அவனைத் தொலைவில் தனியே வைத்து, அவனுக்கென்று தனி வாளியும் எனக்கென்று தனிக் காலணியும் ஒதுக்கினேன். அதன் பின் இருவருக்கும் நடுவில் உறுதியான கம்பி வேலி ஒன்று மட்டுமே நின்றது. இந்த வேலிக் காலத்தைத்தான் பலர் அவசரத்தில் சுருக்கிவிடுகிறார்கள். பன்றி கண்ணைவிட மூக்கை நம்பும் பிராணி என்பதால், முத்து படுத்த வைக்கோலில் ஒரு கை அள்ளிச் செல்லியின் பக்கம் போட்டேன். அவள் அதைக் கிளறி, பிடரி மயிர் சிலிர்க்க, வாயில் நுரை தள்ளும் அளவுக்குத் தாடையை மென்றாள். நான்காம் நாள் அதே வைக்கோலின் மேல் அலட்சியமாக நடந்து போனாள்.

வேலியைத் திறந்த நாளில் தவறு செய்தவன் நான்தான். இருவருக்கும் பழக்கமில்லாத, மூலை முடுக்கில்லாத திறந்த வெளியில், வெயில் ஏறுவதற்கு முன், தீவனத்தைப் பரவலாக இறைத்துவிட்டுக் கையில் பலகையோடு நின்றேன். தோளோடு தோள் முட்டி, தலையைப் பக்கவாட்டில் வீசி, காதைக் கவ்வி இழுத்து அவர்கள் எழுப்பிய கூச்சலில் மனம் பதறி, நான்காம் நிமிடமே பலகையை நடுவில் செருகிப் பிரித்துவிட்டேன். யார் பெரியவர் என்ற கேள்வி அப்படியே தொங்கி நின்றதால் மறுநாள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. என் பதற்றத்தால் கூடுதலாகக் கிடைத்தது முத்துவின் காதில் இன்னொரு கீறல்தான்.

இரண்டாம் முறை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆழமான காயமோ, ஓடுகிறவனை ஓயாமல் துரத்துவதோ, வாயைத் திறந்து மூச்சிரைப்பதோ தென்பட்டால் மட்டும் பிரிப்பது என்று முடிவு செய்திருந்தேன். வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ள இயலாத பிராணிக்கு இந்த மூச்சிரைப்பு காயத்தைவிடக் கொடியது. அப்போதும் கையை நடுவே நீட்டக் கூடாது, பலகைதான். அதற்கு வேலையில்லாமல், இருபது நிமிடத்துக்குள் முத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினான். செல்லி பத்தடி துரத்திவிட்டு நின்று, இறைந்து கிடந்த தீவனத்தைப் பொறுக்கத் தொடங்கினாள். கருப்பன் போன பிறகு அவள் மிச்சம் வைக்காமல் தின்றது அன்றுதான்.

இப்போதும் தீவனத் தொட்டிகளை எட்ட எட்டவே வைக்கிறேன். தன்னுடையதை முடித்ததும் அவள் முத்துவை விரட்டி அவனுடையதையும் நக்கிவிடுகிறாள். இரவில் அவன் கொட்டில் வாசலருகே, அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் படுக்கிறான். குளிர் கூடிய இரவுகளில் அந்த முழம் ஒரு சாணாகிவிடுகிறது.