காயா ரொட்டிக் கங்கும் மஞ்சள் அறையும்

“நீங்க சில்லு செய்யற ஆலையிலதானே இருக்கீங்க? அப்போ குவாண்டம் தெரிஞ்சிருக்குமே” என்றார் அக்கா. எங்கள் பேட்டை நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்புக் குழுவை நடத்துபவர். 2025ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியல், தொழில்நுட்ப ஆண்டாக ஐநா அறிவித்திருக்கிறதாம், அதற்குத் தமிழில் ஒரு மணி நேரம் பேச ஆள் வேண்டுமாம். நான் வாயைத் திறந்து மறுப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரோடு அறிவிப்பு போய்விட்டது.

திருச்சியில் டிப்ளமோ முடித்துவிட்டுச் சிங்கப்பூர் வந்தவன் நான். பதினெட்டு வருடமாக உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு வேஃபர் (சில்லு செய்யும் சிலிக்கான் தகடு) ஆலையில் டிஃப்யூஷன் பிரிவில் வேலை. உலையில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், ஆக்சைடு எத்தனை தடிமன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். குவாண்டம் என்ற சொல்லைக் கடைசியாகப் பரீட்சைத் தாளில் எழுதியதோடு சரி.

கையில் ஏழு வாரம் இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் நாட்களில் தூங்கி எழுந்ததும் படிப்பேன். வரலாற்று வரிசைப்படி போனால் பாதுகாப்பு என்று நினைத்தேன். 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் மாக்ஸ் பிளாங்க், 1905இல் ஐன்ஸ்டைன், 1913இல் நீல்ஸ் போர், 1925இல் மூக்கொழுகும் ஒவ்வாமைக்குப் பயந்து மரம் செடி அதிகமில்லாத ஹெலிகோலாந்து தீவுக்கு ஓடிப்போய் அங்கே கணக்குப் போட்ட ஹைசன்பர்க், அடுத்த வருடமே ஷ்ரோடிங்கர் சமன்பாடு. மொத்தம் 34 ஸ்லைடு. கூடத்தில் மனைவியையும் மகளையும் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். ஒன்பதாவது ஸ்லைடில் மனைவி இட்லிக்கு அரிசி ஊறப்போட எழுந்து போனவர் திரும்பவில்லை. தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் மட்டும் கடைசிவரை இருந்தாள். “அப்பா, எங்க லெக்சர் நோட்ஸ் மாதிரியே இருக்கு” என்றாள். பாராட்டு என்று அரை நிமிடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தொல்லை சொற்கள். குவாண்டம் என்பதைச் சிலர் துளிமம் என்கிறார்கள். இலங்கை வழி வந்த ஒரு பழைய சொல்லகராதியில் சத்திச்சொட்டு என்றிருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஆற்றல் குழாய்த் தண்ணீராக ஒழுகாமல் சொட்டுச் சொட்டாக விழுகிறது என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. எலக்ட்ரானுக்கு மின்னணு, எதிர்மின்னி, இலத்திரன் என மூன்று பெயர். ஒரு நாள் முழுக்க அட்டவணை போட்டுவிட்டு, கடைசியில் எலக்ட்ரான், குவாண்டம் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டேன். கேட்பவருக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு புதிய சொல்லுக்கு மேல் கொடுத்தால் அவர் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார், பொருளை விட்டுவிடுவார்.

வழி கிடைத்தது காப்பிக் கடையில்தான். காயா என்ற தேங்காய் ஜாம் தடவிய ரொட்டியை இன்னும் கரியடுப்பில் வாட்டும் கடை அது. கங்கு சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. பிளாங்க் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வியே இதுதானே என்று அப்போது உறைத்தது. சூடான பொருள் ஏன் சிவப்பாக ஒளிர்கிறது, ஏன் ஊதாவாக இல்லை? பழைய இயற்பியலின்படி கணக்குப் போட்டால் அந்தக் கங்கு புறஊதாக் கதிரை அளவில்லாமல் கொட்ட வேண்டும். ரொட்டி வாட்டுபவர் ஒரு வாரம் தாங்க மாட்டார்.

நான் அதை இப்படி மாற்றிக்கொண்டேன். ஒளியின் ஒவ்வொரு நிறமும் ஒரு கடை. ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு வகைப் பணம்தான் செல்லும். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்க் கடையில் 50 காசு. சிவப்புக் கடையில் 5 வெள்ளி (டாலர்) நோட்டு. ஊதாக் கடையில் 10 வெள்ளி நோட்டு. எக்ஸ் கதிர்க் கடையில் 1000 வெள்ளி நோட்டு மட்டும். (அந்த நோட்டை 2021 முதல் இங்கே புதிதாக வெளியிடுவதில்லை என்பது வேறு கதை.) சில்லறையைச் சேர்த்துக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். கங்கில் இருக்கும் அணுக்களில் பெரும்பாலானவற்றின் பையில் காசுதான் கிடக்கிறது. வெகு சிலவற்றிடம் 5 வெள்ளி நோட்டு. 10 வெள்ளி வைத்திருப்பது அபூர்வம். அதனால் வெப்பம் நிறைய வருகிறது, சிவப்பு கொஞ்சம் வருகிறது, ஊதாக் கடையில் ஈ ஓட்டுகிறார்கள். சூட்டை ஏற்றினால் பைகள் கனக்கும், கங்கு மஞ்சளாகும், சூரியன் அளவுக்குப் போனால் கண்ணுக்குத் தெரியும் நிறக் கடை எல்லாவற்றிலும் வியாபாரம். ஒரு நோட்டின் மதிப்பு ஒளியின் அதிர்வெண்ணைப் பொறுத்து ஏறுகிறது என்பதுதான் பிளாங்க் போட்ட விதி.

மகளிடம் சொன்னேன். சிவப்புக்கும் ஊதாவுக்கும் இரண்டு மடங்குகூட முழுசாக வராதே என்று திருத்தினாள். பரவாயில்லை, கிட்டத்தட்ட சரி.

இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில்தான் வேலையிடத்தில் அந்த மஞ்சள் அறை கண்ணில் பட்டது. கண்ணில் பட்டது என்றால், பதினெட்டு வருடமாக ஒவ்வொரு ஷிப்டிலும் அதன் கண்ணாடியைக் கடந்துதான் போகிறேன். லித்தோகிராஃபி பிரிவு. உள்ளே எல்லாமே மஞ்சள். வெள்ளை உடுப்பு போட்டவர்கள் மாம்பழச் சாறில் நீந்துவதுபோலத் தெரிவார்கள். ஏன் மஞ்சள் விளக்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்டால், ‘ரெசிஸ்ட் கெட்டுப்போகும்’ என்று சொல்லிவிட்டு நடப்போம். வேஃபரின் மேல் பூசும் ரெசிஸ்ட் என்ற திரவத்தில் புறஊதா ஒளி பட்டால் வேதிமாற்றம் நடந்து சர்க்யூட்டின் கோடுகள் பதியும். ஒரு வகைக்கு 365 நானோமீட்டர் ஒளி, நுணுக்கமான வேலைக்கு 248, 193 என்று போகும். இவையெல்லாம் பெரிய நோட்டுகள். மஞ்சள் ஒளி சிறிய நோட்டு. மஞ்சள் விளக்கை எத்தனை பிரகாசமாக ஏற்றினாலும் சிறிய நோட்டுகள்தான் மழையாகக் கொட்டும், ஒன்றுகூட அந்தக் கடையில் செல்லாது. மங்கலான புறஊதா விளக்கு ஒன்று போதும், கோடு விழுந்துவிடும்.

ஒளியின் அளவு முக்கியமில்லை, ஒவ்வொரு சொட்டின் கனம்தான் முக்கியம். 1905இல் ஐன்ஸ்டைன் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் தெறிப்பதை வைத்துச் சொன்னதும் இதையே. நோபல் பரிசு கிடைத்தது சார்பியலுக்கு அல்ல, முதன்மையாக இதற்குத்தான். அன்று கண்ணாடிக்கு வெளியே நான் நின்ற நேரத்தைப் பார்த்து சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் என் சொந்த உலையையே வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். தம்ப்டிரைவில் இருக்கும் மெமரி செல்லில் எலக்ட்ரான்களைச் சிறை வைக்கிறோம். சுற்றிலும் ஆக்சைடு சுவர், பத்து நானோமீட்டருக்கும் குறைவான தடிமன். மின்சாரம் கடக்காத சுவர், கதவும் கிடையாது. பிறகு எலக்ட்ரான் எப்படி உள்ளே போனது? சுமார் 20 வோல்ட் கொடுத்தால் சுவரை உடைக்காமலேயே மறுபக்கம் போய் நிற்கிறது. எலக்ட்ரான் ஓர் அலையாகவும் நடந்துகொள்வதால், அந்த அலையின் வால் சுவருக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. சுவர் போதுமான அளவு மெலிந்தால், அங்கேயும் அது இருக்க வாய்ப்பு உண்டு. வோல்ட்டை எடுத்துவிட்டால் வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். நம் கல்யாணப் புகைப்படமெல்லாம் இப்படிச் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள்தான். இதே ‘சுவர் புகும்’ வேலை இல்லாவிட்டால் சூரியனும் எரியாது. அதன் நடுவில் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம். இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கும் தடையைத் தாண்ட அந்தச் சூடும் போதாது. தாண்டாமல் புகுந்துவிடுகின்றன. ஆலை ஆக்சைடுக்கும் சூரியனுக்கும் ஒரே விதி என்றதும் 34 ஸ்லைடில் இருபதைத் தூக்கிப் போட்டேன்.

மருத்துவப் பகுதி முழுக்க எங்கள் புளோக் அண்ணன் தந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுத்து வந்திருந்தார். “தம்பி, உள்ள படுக்கப் போட்டு தட்டு தட்டுன்னு தட்டுறானுங்க. கம்பி கட்டுற இடத்துல படுத்த மாதிரி இருந்துச்சு” என்றார். சத்தம், காந்தப்புலத்தைச் சட்சட்டென்று மாற்றும் சுருள்கள் அதிர்வதால் வருவது. வேலை நடப்பது சத்தமில்லாமல். உடம்பிலுள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனின் புரோட்டான் ஒவ்வொன்றும் குட்டிப் பம்பரம், குட்டிக் காந்தம். பெரிய காந்தப்புலத்தில் அதற்கு இரண்டே நிலைகள், புலத்தோடு அல்லது புலத்துக்கு எதிராக. நடுவே எதுவும் இல்லை. சரியான ரேடியோ அதிர்வெண் கிடைத்தால் ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவும், திரும்பும்போது சிக்னல் தரும். 1.5 டெஸ்லா எந்திரத்தில் அந்த அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. நம் தமிழ் வானொலி ஒலி 96.8 இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது! இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. இரண்டு நிலைகளிலும் பம்பரங்கள் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். 1.5 டெஸ்லாவில் பத்து லட்சத்துக்கு ஐந்து போலத்தான் ஒரு பக்கம் கூடுதல். படம் முழுக்க அந்த ஐந்தின் புண்ணியம்.

வானியலுக்கு வானியற்பியலாளர் சந்திரசேகர் போதும் என்று முடிவு செய்தேன். 1930இல், 19 வயதில், பம்பாயிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போகிறார். வழியில் கணக்குப் போடுகிறார். எரிந்து தீர்ந்த நட்சத்திரம் தன் எடையில் நொறுங்காமல் இருப்பது, எலக்ட்ரான்கள் ஒரே இருக்கையைப் பகிர மறுப்பதால். காலை எட்டு மணி எம்ஆர்டி ரயிலில் எவ்வளவு நெருக்கினாலும் ஒருவர் மடியில் இன்னொருவர் உட்கார முடியாதே, அந்த மறுப்புதான் நட்சத்திரத்தைத் தாங்குகிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் போனால் தாங்காது. புகழ்பெற்ற ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் 1935இல் சபை நடுவே அவரைக் கிண்டலடித்தார். நோபல் பரிசு வந்தது 1983இல். கப்பல் என்றதும் கிரேன் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெட்டியவையும் உண்டு. பெட்டிக்குள் உயிரோடும் செத்தும் இருப்பதாகச் சொல்லும் ஷ்ரோடிங்கரின் பூனை வேண்டாம், எல்லாரும் சொல்லி அலுத்த பூனை. குவாண்டம் கணினிக்கு இரண்டு நிமிடம்தான். பறவைகள் பூமியின் காந்தப்புலத்தைக் கண்ணிலுள்ள ஒரு புரதத்தின் எலக்ட்ரான் ஜோடிகளால் உணரலாம் என்ற கருத்தை, சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு வலசை வரும் பறவைகளைக் காட்டிச் சொல்ல ஆசை. இன்னும் உறுதியாகாத விஷயம் என்பதால் ஒரு வரியோடு நிறுத்தினேன். உள்ளூர்க் கதை ஒன்றை மட்டும் விடவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் குவாண்டம் ஆய்வு நிலையம் ஒன்று இயங்குகிறது. பிணைந்த (எவ்வளவு தள்ளியிருந்தாலும் அளந்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்) ஒளித்துகள்களை வைத்து ரகசியச் சாவி பகிரும் வழியை 1991இல் சொன்ன ஆர்தர் எகர்ட்தான் அதன் முதல் இயக்குநர். அவர்கள் செய்த கருவி ஒன்று 2014 அக்டோபரில் ஏறிய ராக்கெட் அமெரிக்காவில் கிளம்பிய சில விநாடிகளில் வெடித்தது. இடிபாட்டிலிருந்து எடுத்துப் பார்த்தால் கருவி வேலை செய்தது! பிறகு 2019இல் ஸ்பூக்கி-1 என்ற சிறிய செயற்கைக்கோள் விண்வெளியிலேயே பிணைந்த ஒளித்துகள் ஜோடிகளை உருவாக்கிக் காட்டியது. எடை 2.6 கிலோவுக்கும் குறைவு. விமானத்தில் கைப்பையோடு எடுத்துப் போகலாம்.

பேச்சு நாள் சனிக்கிழமை. நாற்பது நாற்காலி, இருபத்தேழு பேர். என் மடிக்கணினி புரொஜக்டரோடு பேச மறுத்தது. பத்து நிமிடம் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிவிட்டு விட்டுவிட்டேன். மிச்சமிருந்த பதினான்கு ஸ்லைடும் போயின. வெள்ளைப் பலகையில் கடைகளை வரைந்தேன். ஊதாக் கடைக்காரர் ஈ ஓட்டும் இடத்தில் சிரிப்பு வந்ததும் முழங்கால் நடுக்கம் நின்றது.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா கழுத்திலிருந்த கறுப்புப் பதக்கத்தைக் கழற்றிக் காட்டினார். குவாண்டம் சக்தி பதக்கமாம், நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்து வாங்கினாராம். எனக்குச் சங்கடம். இதை நான் தயார் செய்திருக்கவில்லை. அணிவதற்கும் குவாண்டம் கொள்கைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றேன். இது மாதிரிப் பெயரில் விற்ற சில பதக்கங்களில் கதிர்வீச்சு இருப்பதாக நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் எச்சரித்ததையும் சொன்னேன். அம்மா அதை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. கைக்குட்டையில் சுற்றி, யோசித்து, கைப்பைக்குள் வைக்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

கடைசியாகக் கிரேன் அண்ணன் கையைத் தூக்கினார். “தம்பி, அப்போ என் முட்டியில கோடி கோடியா பம்பரம் இருக்கா?”

“ஆமாண்ணே. கோடியெல்லாம் எந்த மூலைக்கு.”

“அதான் மழை வந்தா வலிக்குதா?”

“அது மூட்டுத் தேய்மானம் அண்ணே” என்றேன். அவருக்கு என் பதிலில் திருப்தி இல்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.