கடிவாளம் எந்தக் கையில் இருந்தது?

குதிரை வண்டிப் பந்தயத்தில் சாட்டையைத் தவறாகப் பயன்படுத்தினேன் என்று போன வருடம் எனக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு வருடம் சாரதியாக வண்டியில் உட்காரக் கூடாது, வாங்கிய முதல் பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், 5,000 ரூபாய் அபராதம். புகார் வந்ததிலிருந்து மறுபடி வண்டி ஏறியது வரை என்ன நடந்தது என்று சாரதித் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். நெல், தரிசில் உளுந்து, அதுதான் பிழைப்பு. குதிரைக் கிறுக்கு அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் காணும் பொங்கலில் தொடங்கினால் கோடைத் திருவிழாக்கள் முடியும்வரை ஏதாவது ஒரு ரோட்டில் பந்தயம் இருக்கும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாட்டு வண்டிப் பிரிவுகள் எல்லாம் ஓடி முடித்த பிறகு குதிரை. என் குதிரை பெயர் சிட்டு. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில், மழையில் நனைந்துகொண்டே பேரம் பேசி வாங்கியது.

அன்றைக்குப் போய்வர 6 மைல். வாய்க்கால் பாலத்தில் திரும்பும்வரை நான் மூன்றாவது. திரும்பி வருகையில் ஒரு வண்டியைத் தாண்டிவிட்டேன். கடைசி அரை மைலில் இன்னொரு வண்டியும் நானும் சக்கரத்துக்குச் சக்கரம். அங்கேதான் புத்தி போனது. இரண்டு கடிவாள வாரையும் இடது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வலது கையில் சாட்டையை வீச ஆரம்பித்தேன். அரைக் கழுத்து தூரத்தில் ஜெயித்தேன். குத்துவிளக்கு, மாலை, துண்டு, பணம், எல்லாம் வந்தது. ராத்திரி வாட்ஸப்பில் வீடியோவும் வந்தது.

எத்தனை அடி அடித்தாய் என்று அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் ஐந்தாறு என்று கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். 19. அதைவிட மோசம், ஒற்றைக் கையில் வார் இருந்ததால் வண்டி தானாக இடதுபக்கம் ஒதுங்கியிருக்கிறது. ரோட்டோரம் நின்ற ஒரு பையன் பின்னால் குதித்து வயலுக்குள் விழுகிறான். அவன் விழுந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் விழாக் கமிட்டிக்கு இரண்டு புகார். ஒன்று இரண்டாவதாக வந்த வண்டிக்காரர் கொடுத்தது, அது எதிர்பார்த்ததுதான். இன்னொன்று எங்கள் ஊரிலேயே கல்லூரியில் படிக்கும் பெண் எழுதியது, வீடியோ எடுத்ததும் அவள்தான். அதற்குள் யாரோ காவல் நிலையத்துக்கும் மனு போட்டுவிட்டார்கள். கூப்பிட்டார்கள், போனேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, 11ஆவது பிரிவு என்று படித்துக் காட்டினார்கள். அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறி ஓட்டுவது எல்லாம் அதில் வருகிறது. முதல் தடவை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. லாடம் அடிக்கிற கூலிக்குக்கூட 50 ரூபாய் காணாது. எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்கள். கூட வந்த மச்சான், "அவ்வளவுதானா? வா, டீ சாப்பிடலாம்" என்றான்.

2017இல் சட்டம் திருத்தினார்களே, அது நம்மைக் காப்பாற்றாதா என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தத் திருத்தம் ஜல்லிக்கட்டுக் காளைக்கு. குதிரை அதில் இல்லை.

கமிட்டி அப்படி விடவில்லை. முதல் வேலையாகக் குதிரையை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். டாக்டரம்மா சிட்டுவின் பின்சப்பையில் மயிருக்கு எதிர்த்திசையில் மெதுவாகக் கையை ஓட்டினார். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, கை வைத்தால் தடிப்புத் தடிப்பாகத் தெரிந்தது. பதினொன்று எண்ணினார். "குதிரைத் தோல் தடிமன் டாக்டர், நமக்கு வலிக்கிற மாதிரி அதுக்கு வலிக்காது" என்று பழைய பல்லவியைப் பாடினேன். 2020இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டதை அவர் சொன்னார். வலியை உணர்கிற மேல்தோலின் தடிமனிலும் சரி, அதில் இருக்கிற நரம்பு நுனிகளின் அடர்த்தியிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லையாம். சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து ஒரு தடிப்பின் நுனியில் வைத்தார். அங்கே கொள்ளு அளவுக்கு ஒரு வட்டம். "இது என்ன?" என்றார். தெரியாது என்றேன்.

தெரியும். என் சாட்டை நுனியில் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டிருந்தேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், வாசல் திண்ணையில் உட்கார்ந்து நானே போட்ட முடிச்சு.

விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். பரம்பரை, பாசம், குதிரைக்கு மாதம் ஆகிற கொள்ளுச் செலவு, எதிராளியின் பொறாமை எல்லாம் போட்டு. கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் வாங்கிப் படித்தார், பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தார், கடைசியில் நாலு வரிதான் மிஞ்சியது. "இதை மட்டும் திருப்பி எழுதிக் குடு தம்பி." யாருக்காவது இந்த நிலைமை வந்தால் முதலிலேயே நாலு வரி எழுதிக் கொடுங்கள்.

விசாரணை ஐயனார் கோயில் மண்டபத்தில். ஐந்து பேர் உட்கார்ந்தார்கள், அதில் மூன்று பேர் பழைய சாரதிகள். தலைவர் அப்பாவின் கூட்டாளி, நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலத்தில் அவர் அடித்த அடியைப் பற்றி ஊரில் கதையே இருக்கிறது. ஆகவே தைரியமாகத்தான் போனேன். கூட ஆறேழு பேரையும் அழைத்துப் போனேன். அது தப்பு. கூட்டத்தைப் பார்த்ததும் பெரியப்பா முகம் மாறிவிட்டது. எல்லாரையும் தெப்பக்குளத்துப் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"அடிச்சியா?" என்று கேட்பார்கள், "யார்தான் அடிக்கவில்லை?" என்று திருப்பிக் கேட்கலாம் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அந்தக் கேள்வி வரவே இல்லை. வாத்தியார் கேட்டது இதுதான்: "கடைசி அரை மைலில் கடிவாளம் எந்தக் கையில் இருந்தது?"

இடது கை என்றேன். "வலது கையில்?" சாட்டை. "பையன் எந்தப் பக்கம் விழுந்தான்?" இடதுபக்கம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது.

வாத்தியார் அதை எங்கிருந்து எடுத்தார் என்றால், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் நம் ரேக்ளா மாதிரியே இரண்டு சக்கர வண்டி பூட்டி ஓடும் பந்தயம் இருக்கிறது. வண்டிக்கு சல்கி என்று பெயர். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது, போனால் இழுத்து மறுபடி ஓட்டநடைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே சாரதி சாட்டை வீசுவதை முறைப்படுத்த அவர்கள் கண்டுபிடித்த வழிதான் ஆளுக்கு இரண்டு கை, கைக்கு ஒரு வார் என்பது. வாரை விடாமல் எவ்வளவு வீச முடியுமோ அவ்வளவுதான், அதாவது மணிக்கட்டு அசைவு. தோளிலிருந்து ஓங்க முடியாது. அமெரிக்க விதியில் சாட்டையின் நீளம்கூட 4 அடிக்கு மேல் போகக் கூடாது, நுனி வார் 6 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. மீறினால் பந்தய நடுவர்கள் கூப்பிட்டு விசாரித்து, அபராதமோ இத்தனை நாள் ஓட்டக் கூடாது என்ற தடையோ போடுவார்கள். வாத்தியார் இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் தமிழில் குறித்துக் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் பந்தய நோட்டீஸில் இருந்ததோ ஒரே வரி: 'குதிரையைத் துன்புறுத்தக் கூடாது'. துன்புறுத்துவது என்றால் எது என்று யார் சொல்வது? எனக்குத் தெரிந்து அந்த வரியை வைத்து எங்கள் ஊரில் யாரையும் தண்டித்ததில்லை. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "நோட்டீஸ்ல இல்லாத விதிக்கு எப்படிப் பெரியப்பா தண்டனை? இரண்டு கையில பிடிக்கணும்னு எங்க போட்டிருக்கு?" என்றேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயம்தான் என்று பெரியப்பாவே சொன்னார். ஒற்றைக் கை விஷயத்தை இந்த வருடக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அடுத்த நோட்டீஸில் விதியாகப் போடலாம் என்று எழுதிக்கொண்டார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சாட்டையைக் கேட்டார்கள். முந்தின நாளே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் கொண்டுபோனது அப்பாவின் பழைய பிரம்புச் சாட்டை, நுனியில் வெறும் தோல் வார். பெரியப்பா அதைக் கையில் வாங்கி, வாரை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு நுனிவரை உருவினார். டாக்டரம்மா சான்றை இன்னொரு தடவை படித்தார். "ஒவ்வொரு தடிப்பின் முனையிலும் வட்ட வடிவக் காயம்னு எழுதியிருக்கு. இந்தச் சாட்டைல முடிச்சு எங்கடா?"

எனக்கு வாய் எழவில்லை. அப்பா இருந்திருந்தால் அங்கேயே அறைந்திருப்பார். வீட்டுக்குப் போய் உண்மைச் சாட்டையை எடுத்துவந்து வைத்தேன். இதற்கு நோட்டீஸ் தேவைப்படவில்லை. 1965ஆம் வருட வண்டி இழுக்கும் விலங்கு, பொதி விலங்கு விதிகளிலேயே முள் வைத்த கோல், முனைப்பும் குமிழும் உள்ள சாமான் எதையும் விலங்கை ஓட்டப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. மாட்டுக்காரர்கள் முனையில் ஆணி வைத்த தார்க்குச்சியை ஒளித்து வைப்பது அதனால்தான். கமிட்டி எனக்கு இரண்டு வருடம் என்றது. முடிச்சுக்கு ஒன்று, பொய்ச் சாட்டைக்கு ஒன்று. பிறகு உண்மையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்ததால் ஒரு வருடமாகக் குறைத்தார்கள். பையன் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவன் அம்மா காபி கொடுத்தாள், பேசவில்லை. மொத்தத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். அதே நாளில் மாட்டுப் பந்தயத்தில் வாலைக் கடித்தவனை யாரும் விசாரிக்கவில்லை. வீடியோ இல்லை, அவ்வளவுதான்.

தடை எனக்குத்தான், சிட்டுவுக்கு இல்லை. சித்தப்பா மகன் ஓட்டி ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். ரோட்டோரம் நின்று பார்த்தேன், வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

வருடம் முடிந்தபோது மறுபடி அனுமதிக்கு எழுதிப்போட்டேன், நாலே வரி. சாட்டை இல்லாமல் ஒரு வெள்ளோட்டம் காட்ட வேண்டும் என்றார்கள். விடியற்காலை, வெண்ணாற்றுக் கரை ரோடு, போய்வர 2 மைல். பெரியப்பாவும் வாத்தியாரும் பைக்கில் பின்னால் வந்தார்கள். இரண்டு கையிலும் வார் இருந்தால் குதிரை வாயில் நடப்பதெல்லாம் விரலுக்குத் தெரிகிறது. வலது வாரைக் கொஞ்சம் இறுக்கினால் சிட்டுவின் வலது காது பின்னால் மடங்கியது, விட்டதும் நிமிர்ந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் கவனித்ததில்லை. நாக்கைத் தட்டி 'த்தா, த்தா' என்றேன், போனாள். வேகம் கொஞ்சம் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். ரோட்டின் நடுக்கோட்டை விட்டு விலகவே இல்லை.

இறங்கியதும் பெரியப்பா சிட்டுவைப் பார்க்கவில்லை. என் கையை விரிக்கச் சொன்னார். இரண்டு உள்ளங்கையிலும் வார் அழுந்திய சிவப்புக் கோடு. "ரெண்டுலயும் இருக்கு" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, நுழைவுக் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடச் சொன்னார்.