நூறு முறை பூவா தலையா: பைதானில் நான் சிக்கிய இடம்

பைதான் என்ற கணினி மொழியில், நாணயத்தை ஒரு தடவை சுண்டிப் பார்க்கும் புரோகிராம் வரை எனக்குச் சிக்கலே இல்லை. அடுத்த பயிற்சியில்தான் மாட்டினேன். 100 முறை சுண்டினால் பூவோ தலையோ தொடர்ந்து ஆறு தடவை விழ எவ்வளவு வாய்ப்பு? இந்தச் சோதனையை 10,000 முறை ஓட்டி, எத்தனையில் ஆறு வந்தது என்று எண்ண வேண்டும்.

எனக்கு வந்தது 10,000. மறுபடி ஓட்டினேன், 10,000. மூன்றாவது தடவை 9,999.

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் பஸ் ஏறி, மே மாத வெயிலில் வேலூரில் இறங்கி, பணம் கட்டிப் படிக்கிற சென்டருக்குப் போனேன். சொல்லித்தருகிறவர் நான் எழுதிய புரோகிராம் வரிகளை (கோட்) பார்க்கவே இல்லை, விடையை மட்டும் பார்த்தார். "ரேண்டம்னா அப்படித்தான் வரும் மேடம், அடுத்த பாடத்துக்குப் போங்க." எனக்கு இன்னும் ஆறவில்லை. ரேண்டம், அதாவது தற்செயல், என்றால் எண் கொஞ்சமாவது ஏறி இறங்க வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் முழு மார்க் வாங்குவதுதானே சந்தேகத்துக்குரியது?

அன்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து ஐந்து ரூபாய் நாணயத்தை நிஜமாகவே சுண்டினேன். காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் பூ, த என்று எழுதிக்கொண்டே வந்தாள். முதல் நூறில் ஏழு பூ வரிசையாக விழுந்தது. இரண்டாம் நூறில் ஐந்தைத் தாண்டவே இல்லை. அப்படியென்றால் தப்பு கோடில்தான்.

10,000-ஐ 3 ஆக்கினேன், 100-ஐ 10 ஆக்கினேன், ஒவ்வொரு சோதனை முடிந்ததும் விழுந்த பூ, தலையைச் சேர்த்துவைக்கும் லிஸ்டை பிரிண்ட் செய்தேன். முதல் வரியில் பத்து எழுத்து. இரண்டாவதில் இருபது. மூன்றாவதில் முப்பது! காலி லிஸ்டை உருவாக்கும் வரியை வெளி லூப்புக்கு (சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி) மேலே எழுதியிருந்தேன். அதனால் பழைய சுண்டல்கள் அழியாமல் சேர்ந்துகொண்டே போயின. ஒரு தடவை ஆறு விழுந்துவிட்டால், அதற்கு அப்புறம் வரும் எல்லாச் சோதனையிலும் அதே ஆறுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

அந்த ஒரு வரியை லூப்புக்குள் இறக்கி, நான்கு ஸ்பேஸ் தள்ளி வைத்தேன். 8,071. அடுத்து 8,039. அப்புறம் 8,102. கணக்குப் போட்டுப் பார்த்தால் வர வேண்டியதும் சுமார் 80.7 சதவீதம்தான். மகளை எழுப்பிக் காட்டினேன்.

இதே பயிற்சியில் இருப்பவர்களுக்கு: விடை 10,000-ஐத் தாண்டினால், ஆறு கிடைத்ததும் அந்தச் சோதனையில் தேடுவதை நிறுத்தும் பிரேக் போட மறந்திருப்பீர்கள். 54, 55 சதவீதம் வந்தால் பூவை மட்டும் எண்ணுகிறீர்கள், அல்லது தலையை மட்டும். தற்செயலாக எண் எடுத்துத் தரும் ரேண்ட்இன்ட் கட்டளையில் 0, 1 கொடுத்தால் இரண்டும் வரும். ரேண்ட்ரேஞ்சில் அதையே கொடுத்தால் 0 மட்டும்தான் வரும். ஃபைலுக்கு ரேண்டம் என்று பெயர் வைக்காதீர்கள், பைதான் அதே பெயரில் இருக்கும் தன் மாட்யூலை (தயாராக உள்ள கோட் தொகுப்பு) விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். எனக்கு ஒரு முழு மாலை அதில் போனது. தப்பைத் தேடும்போது மேலே சீட் எண் (தற்செயல் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்) ஒன்று கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே வரிசை விழும்.

காலண்டர் தாளை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். இரண்டாம் நூறின் கீழே மகள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: "ஆறு இல்லை."