ஆறு எழுத்து, அரை மணி நேரம்

நேற்று ராத்திரி போனில் வார்த்தை விளையாட்டு. கொடுத்த எழுத்துகள் ஈ, ஐ, எல், என், எஸ், டி. 'லிசன்' உடனே கிடைத்துவிட்டது. அதோடு மூளை பூட்டிக்கொண்டது! எப்படிப் பார்த்தாலும் லிசன்தான் தெரிகிறது.

சரி என்று தாளில் எழுத்துகளை வட்டமாக எழுதினேன். வரிசை கலைந்ததும் 'சைலன்ட்' துள்ளி வந்தது, பின்னாலேயே 'என்லிஸ்ட்'. 'டின்சல்' மட்டும் கடைசிவரை சிக்கவில்லை.

கணினிக்கு இந்தப் பாடே இல்லை. ஒவ்வொரு வார்த்தையின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கும்; இந்த நான்கும் ஒரே அடுக்காகிவிடும், அவ்வளவுதான். (கொஞ்சம் பொறாமைதான்.)

அப்புறம், ஐந்து உயிரெழுத்தும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று வரிசை மாறாமல் வரும் ஆங்கில வார்த்தை ஒன்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது 'ஃபசீஷியஸ்'. அதைச் சொன்னால் செல்லாது.