சீதன வீடும் போரும்: நாட்குறிப்பு

2024 செப்டெம்பர் 21, சனி

காலையிலேயே போய் வாக்குப் போட்டாயிற்று. ஊரெல்லாம் ஜனாதிபதித் தேர்தல் பேச்சு. எனக்கு இந்தத் தேதி என்றால் ராஜினி திரணகமதான். 1989இல் இதே நாளில், யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவரை, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. இரண்டு சிறு மகள்கள். அவர்களில் ஷாரிகா பின்னாளில் மானிடவியலாளரானார். இப்போது ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர்.

செப்டெம்பர் 25, புதன்

ஷாரிகாவின் 'இன் மை மதர்ஸ் ஹவுஸ்' (2011) நூலை மறுபடி எடுத்தேன். போரை ஆராய்வது என்றால் எத்தனை பேர் செத்தார்கள், எந்த இராணுவ முகாம் எப்போது விழுந்தது என்றுதான் நம்மில் பலர் தொடங்குவோம். இவர் வீட்டுக்குள் போகிறார். தாய்க்கும் மகளுக்கும் நடுவே போர் என்ன செய்தது, வீடு பறிபோனவர்கள் சீதனமாக எதைக் கொடுப்பார்கள், அகதி முகாமில் பிறந்த பிள்ளைக்கு ஊர் எது என்று கேட்கிறார். தாயைப் பறிகொடுத்தவர் தன் துயரத்தோடு நின்றுவிடாமல், 1990இல் புலிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களைத் தேடிப் புத்தளம் முகாம்களுக்குப் போனாரே, எனக்கு அதுதான் பெரிது.

ஒக்டோபர் 6, ஞாயிறு

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து குடியிருக்கும் ஓர் அம்மா பழைய வீட்டைக் காட்டினார். முன்சுவர் நிற்கிறது, கூரை இல்லை. அடுப்படி இருந்த இடத்தில் வேம்பு ஒன்று ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டிருக்கிறார்.

"இது உம்மா எனக்குத் தந்த சீதனம், பிள்ளை. மகளுக்கு எண்டு வச்சிருந்தன். அவ புத்தளத்தில கலியாணம் முடிச்சு அங்கயே வீடும் கட்டிட்டா. இங்க வந்தா ரெண்டு நாளில போகோணும் எண்டுறா."

தாய்க்குப் புத்தளம் அகதியாய்ப் போன இடம், மகளுக்கு அதுதான் ஊர். மீள்குடியேற்றப் பட்டியலில் இதற்கு எந்தக் கட்டம்?

ஒக்டோபர் 30, புதன்

1990இல் இதே நாளில்தான் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். நம் தமிழ் வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. அது என்னை வருத்துகிறது.

ஷாரிகா பின்னர் கேரளத்தின் பாலக்காட்டில் சாதியையும் அயலாரையும் ஆராயப் போனார். போர் நடக்காத ஊர். ஆனாலும் யார் யார் வீட்டுக்குள் போகலாம் என்பது அங்கும் சின்ன விஷயமில்லை. இரண்டு ஆய்வையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த அம்மாவின் பேத்தி டிசம்பர் விடுமுறைக்கு வருகிறாளாம். சரி, ஊர் எது என்று அவளிடமும் கேட்கலாம்.